புதிய கைத்துப்பாக்கியும் பழைய அச்சமும்

பேராதனையில் எமது நண்பர் ஒருவரின் இல்லத்தில் அண்மையில் ஒரு மாலை கூடியிருந்தோம். வைத்தியர் ஒருவர், பொறியியலாளர் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், வழக்குரைக்கும் தொழிலினராகிய நாம் என நால்வர் இருந்தோம். கம்பளைப் பக்கத்திலிருந்து தமது காணி விடயமாக எம்மைக் காண வந்திருந்த விவசாயி ஒருவரும் உடனிருந்தார். மலையகத்துப் பிள்ளைகளின் கல்வி பற்றியோ, தோட்டத்து லயன்களில் வாழ்வோரின் காணியுரிமை பற்றியோ பேச்செழும் என்று எண்ணிச் சென்ற எமக்கு ஏமாற்றமே காத்திருந்தது. அன்றைய விவாதப் பொருள் ஒன்றே ஒன்று: கைத்துப்பாக்கிகளில் எது சிறந்தது?

வைத்திய நண்பர் முன்னர் ஒரு சுழல் துப்பாக்கி வைத்திருந்தவர். இனி அரசாங்க அனுமதி கிட்டுமாயின் அரைத் தன்னியக்கக் கைத்துப்பாக்கியே வேண்டும் என்பது அவர் முடிவு. கிளொக்கா, பெரெட்டாவா, பிரௌனிங்கா என்று படங்களை மேசைமேல் பரப்பி வைத்திருந்தார். பிடி தடித்ததா மெலிந்ததா, ரவைக்கூட்டில் எத்தனை ரவை கொள்ளும், சட்டைக்குள் மறையுமா என்றெல்லாம் ஆராய்ச்சி நடந்தது. தேநீர்க் கோப்பையைக் கையில் ஏந்தியபடி ஒரு படத்தை நெடுநேரம் உற்றுப் பார்த்திருந்த விவசாயி மெல்லக் கேட்டார்: "ஐயா, இந்தத் துவக்கு பன்றிக்கு ஆகுமா?"

வைத்தியர் சிரித்தார். "இல்லைப் பெரியவர், இது மனுசருக்கு" என்றார்.

சிரிப்பு அடங்கிற்று. ஒருவரும் சில கணம் வாய் திறக்கவில்லை. அந்த மறுமொழியிலே முழு உண்மையும் அடங்கிக் கிடக்கிறது. அதனை விரித்துரைப்பதே எமது நோக்கம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகக் கூறிவிடுவோம். அஞ்சுகிற தமிழனைப் பார்த்து நகைப்பது எமது எண்ணமன்று. 1958, 1977, 1983 என்ற ஆண்டுகளைக் கேட்டதும் நெஞ்சம் பதறாத தமிழ்க் குடும்பம் இந்நாட்டில் உண்டோ? 1983ஆம் ஆண்டு மே மாதத்திலே பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் மாணவர் தாக்கப்பட்டனர். யூலையில் கண்டி நகரிலே தமிழர் கடைகள் எரிந்தன. 2018ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இதே கண்டி மாவட்டத்துத் திகனையிலும் தெல்தெனியாவிலும் எமது முஸ்லிம் சகோதரரின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டதை இக் கண்களாலேயே கண்டோம். 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 19ஆம் நாள், கொழும்பு அளுத்கடை நீதிமன்றத்தினுள்ளேயே, சட்டத்தரணி வேடம் பூண்டு வந்த ஒருவன் விளக்கமறியற் கைதி ஒருவனைச் சுட்டுக் கொன்றான். ஆயுதம் உள்ளே வந்த வழி யாது? சட்டப் புத்தகம் ஒன்றின் பக்கங்களைக் குடைந்து, அக் குழியினுள்ளே துப்பாக்கியை வைத்துக் கொண்டுவந்தார்கள். அதே ஆண்டு ஒக்டோபர் 22ஆம் நாள் வெலிகம பிரதேச சபைத் தலைவர் தமது அலுவலகத்திலேயே சுடப்பட்டு மாண்டார். ஆகவே அச்சத்துக்குக் காரணம் உண்டு. அதை மறுப்பவன் மூடன். ஆனால் அச்சத்துக்கு மருந்து துப்பாக்கியா என்பதே கேள்வி.

அந்தக் கருவியைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். சுழல் துப்பாக்கியில் ஆறு ரவைகள் கொண்ட உருளை, விசையை இழுக்குந்தோறும் சுழன்று அடுத்த ரவையை முன்னே கொணர்கிறது. அரைத் தன்னியக்கத் துப்பாக்கியிலோ, வெடித்த ரவையின் வேகமே மேற்பாகத்தைப் பின்னே தள்ளி, வெற்றுக் கோதை வெளியே வீசி, கைப்பிடிக்குள் இருக்கும் கூட்டிலிருந்து அடுத்த ரவையைக் குழலுக்குள் ஏற்றிவிடுகிறது. விசையை ஒரு முறை இழுத்தால் ஒரு வெடி. மறுபடி இழுத்தால் மறு வெடி. மனிதன் செய்ய எஞ்சியிருப்பது விரலை மடக்குவது மட்டுமே. அமெரிக்கப் படை 1911இல் ஏற்ற கோல்ட் துப்பாக்கியின் கூட்டில் ஏழு ரவை. 1935இல் வெளிவந்த பிரௌனிங்கில் பதின்மூன்று. ஆஸ்திரியப் படை 1982இல் தெரிந்தெடுத்த கிளொக்கில் பதினேழு. நாகரிகத்தின் வளர்ச்சியை இவ்வாறும் எண்ணிக் கணக்கிடலாம் போலும்!

அந்தத் துப்பாக்கிகளுட் பலவற்றுக்கு உரிய ஒன்பது மில்லிமீற்றர் ரவைக்கு ஜெர்மனியர் இட்ட பெயர் பராபெல்லம். சமாதானம் வேண்டின் யுத்தத்துக்கு ஆயத்தமாகு என்ற இலத்தீன் முதுமொழியிலிருந்து பிறந்த பெயர் அது. அந்த ரவை உருவாகி ஆண்டுகள் பல செல்லுமுன்னரே முதலாம் உலக யுத்தம் மூண்டது. அந்த யுத்தத்துக்குத் தீ வைத்த சரயேவோக் கொலையும் அரைத் தன்னியக்கக் கைத்துப்பாக்கி ஒன்றினாலேயே நிகழ்ந்தது. ஆயத்தம் செய்தார்கள், சமாதானம் வந்ததா?

தெரிந்தெடுப்பது எளிது. பணமும் அனுமதியும் இருந்தால் ஒரு பிற்பகலில் முடிந்துவிடும். பழகிக்கொள்வதே பெரிது. எமது பொறியியலாள நண்பர் பல ஆண்டுகள் இத்தகைய துப்பாக்கி ஒன்றை வைத்திருந்தவர். அன்று மாலை அதிகம் பேசாதிருந்த அவர் எமது வேண்டுகோளுக்கிணங்கத் தமது அனுபவத்தைக் கூறினார். அதனை வாசகர் கவனித்துக் கேட்க வேண்டும்.

முதல் மாதம் இடுப்பில் அது கல்லாகக் கனத்ததாம். ரவை நிறைந்த நிலையில் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைந்த பாரந்தான். எனினும் குனியும்போதும், வாகனத்தில் ஏறும்போதும், பிள்ளையைத் தூக்கும்போதும் அதன் நினைவே. இரண்டாம் மாதம் உணவுச்சாலையில் வாயிலை நோக்கியிருக்கும் ஆசனத்தைத் தேடத் தொடங்கினார். பின்னர் கோயிலுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார். மேலாடை களைந்து சந்நிதியில் நிற்பதெப்படி? வீட்டிலே பூட்டிவிட்டுச் சென்றால் மனம் வீட்டிலே கிடந்தது. கடைவீதியில் எதிரே வருபவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அவர் கைகளைப் பார்க்கும் வழக்கம் வந்தது. ஓராண்டு சென்றபின் பாரமே தெரியவில்லை. "பழகிவிட்டது என்று அன்று நினைத்தேன். உண்மையில் நான்தான் அதற்குப் பழக்கப்பட்டுப் போனேன்" என்றார் நண்பர்.

இன்னுமொன்றும் கூறினார். ஒரு நாள் துப்பாக்கியைத் துடைப்பதற்காக ரவைக்கூட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கூடு கையில் இருக்கிறது, ஆகவே துப்பாக்கி வெறுமை என்று எண்ணினார். இவ்வகைத் துப்பாக்கியின் வஞ்சகம் இங்கேதான் இருக்கிறது. கூட்டைக் கழற்றினாலும் முன்னரே குழலுக்குள் ஏறிய ஒரு ரவை உள்ளே காத்திருக்கும். வெடி கூரையைத் துளைத்தது. மேல்மாடியில் அவ்வேளை ஒருவரும் இல்லை. இருந்திருந்தால்? கவனயீனமான செயலால் மரணம் விளைவித்த குற்றத்துக்குத் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவின்கீழ், அவர் சார்பில் நாமே நீதிமன்றில் தோன்ற நேர்ந்திருக்கும். இழந்த உயிருக்கு எந்த நீதிமன்று மறுமொழி கூறும்?

"அதெல்லாம் பயிற்சியற்றோர் கதை, பழகினவன் கையில் அது உயிர்காக்கும்" என்பர் சிலர். வரலாறு யாது சொல்கிறது? 1959ஆம் ஆண்டு செப்ரெம்பர் 25ஆம் நாள் பிரதமர் பண்டாரநாயக்கா தமது இல்லத்து விறாந்தையிலே சுடப்பட்டார். காவற்காரனும் துப்பாக்கியோடு அங்கே நின்றான். அவனும் சுட்டான், கொலைஞன் காயமுற்றான். பிரதமரோ மறுநாள் மாண்டார். 1984ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆம் நாள் பாரதப் பிரதமர் இந்திரா காந்தியைக் கொன்றவை, அவரைக் காக்கவென்று அளிக்கப்பட்ட ஆயுதங்களே.

எமது வீட்டுக் கதைக்கு வருவோம். 1975ஆம் ஆண்டு யூலை 27ஆம் நாள், பொன்னாலை வரதராசப் பெருமாள் கோயிலிலே, யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் அரசியலை வெறுத்தவர் பலர். அன்று அச் செய்தி கேட்டு உள்ளூர மகிழ்ந்தோரும் எம்மிடையே இருந்தனர் என்பதை ஒளிக்காமற் கூறுவோம். வீட்டுக்குள் வந்த பாம்பு பகைவனை மட்டும் கடிக்கும் என்று நம்பினோம். பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1989ஆம் ஆண்டு யூலை 13ஆம் நாள் கொழும்பிலே, விருந்தினராக வந்தமர்ந்தோரின் துப்பாக்கிக்கு அமிர்தலிங்கமும் யோகேஸ்வரனும் இரையாயினர். சிவசிதம்பரம் காயத்தோடு தப்பினார். மெய்க்காவலர் ஆயுதத்தோடு அவ்வீட்டிலேயே இருந்தனர். அவர்கள் கொலைஞரைச் சுட்டு வீழ்த்தினர். மாண்ட தலைவர்கள் மீண்டனரோ? 1999ஆம் ஆண்டு யூலை 29ஆம் நாள் நீலன் திருச்செல்வம் குண்டுக்குப் பலியானார். துரையப்பா, அமிர்தலிங்கம், யோகேஸ்வரன், நீலன் என்ற இந்நால்வரும் சட்டம் பயின்றவர்கள். சட்டத்தால் வாதிட வேண்டியவர்களை வெடியால் மறுத்துரைக்கும் வழக்கம் கைத்துப்பாக்கியோடு எமது அரசியலுக்குள் புகுந்தது. அதன் முடிவை 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் கண்டோம். இருபுறத்து ஆயுதங்களுக்கும் நடுவே நின்று மடிந்தோர் நிராயுதபாணிகளான எமது மக்களே அல்லவா?

பேராதனையில் வாழ்வோருக்கு இதனை வெளியூர்க் கதையால் விளக்க வேண்டியதுமில்லை. 1989ஆம் ஆண்டிலே, பல்கலைக்கழகத்து அதிகாரி ஒருவர் சுடப்பட்டதன் பின்னர், அல்விஸ் தடாகத்தைச் சுற்றி இளைஞரின் வெட்டுண்ட தலைகள் வைக்கப்பட்டிருந்த காலை ஒன்றை இவ்வூர் கண்டது. அவர்கள் தமிழருமல்லர், சிங்கள அன்னையர் பெற்ற பிள்ளைகள். ஒரு வெடி இன்னொரு வெடியை அழைக்கிறது. அழைத்தது யார், வந்தது யார் என்ற கணக்கைப் பின்னர் எவராலும் தீர்க்க முடிவதில்லை.

"காந்தியடிகள் காவலை மறுத்தார், அதனால் மாண்டார்" என்று ஆசிரிய நண்பர் எம்மை மடக்கினார். 1927இல் கண்டிக்கும் வந்து சென்ற அப் பெருமகன், 1948ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் பெரெட்டாக் கைத்துப்பாக்கி ஒன்றின் மூன்று ரவைகளுக்கு இரையானது உண்மை. வைத்தியர் மேசைமேல் பரப்பிய படங்களுள் அத் தொழிற்சாலையின் துப்பாக்கியும் ஒன்று. காந்தியடிகளின் இடுப்பிலும் ஒன்று இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா? வணங்குவதுபோல் குனிந்து வருபவனைச் சுடுவதற்கு, வணங்குவோர் அனைவரையும் அதுவரை ஐயுற்று வாழ்ந்திருக்க வேண்டும். அவ்வாறு வாழ்ந்திருப்பின் அவர் காந்தியாய் இருந்திருக்க மாட்டார். அவர் உயிரும் அவரோடு எழுபத்தெட்டு ஆண்டு நிலைத்திராது.

தனியொருவனாக வரும் கொலைஞன் இருக்கட்டும். கும்பலாக வருவோரை என் செய்வது? 1983ஐ நினைந்து துப்பாக்கி கேட்போர்க்கு எமது மறுமொழி இது. நானூறு பேர் வீதியில் நிற்கையில் கூட்டிலுள்ள பதினைந்து ரவைகள் எம்மட்டு? முதல் வெடி தீர்ந்த மறுகணமே, "தமிழன் சுட்டுவிட்டான்" என்ற சொல் ஊரெங்கும் பரவும். கும்பலுக்கு அதுவரை இல்லாதிருந்த நியாயத்தை எமது கையாலேயே எடுத்துக் கொடுத்தவராவோம். அந்தக் கறுப்பு யூலையிலே தப்பியவர்கள் எவ்வாறு தப்பினர் என்று முதியோரைக் கேளுங்கள். பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண்மணி சமையலறையில் ஒளித்து வைத்தாள் என்பார் ஒருவர். முஸ்லிம் முதலாளி தமது லொறியில் ஏற்றி அனுப்பினார் என்பார் இன்னொருவர். துப்பாக்கியால் தப்பினேன் என்பாரை நாம் இன்னும் சந்திக்கவில்லை. அயலவன் கையைப் பார்த்து ஐயுறும் வழக்கம் வந்துவிட்டால், அடுத்த முறை எந்த அயலவன் கதவைத் திறப்பான்?

இனிச் சட்டத்துக்கு வருவோம். தற்காப்புரிமையை நாம் மறுக்கவில்லை. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை 89ஆம் பிரிவு தொடங்கி அவ்வுரிமையை விரித்துரைக்கிறது. ஆனால் அதிகாரிகளின் பாதுகாப்பைப் பெற அவகாசம் இருக்குமிடத்து அவ்வுரிமை இல்லை என்றும், தேவைக்கு மேற்பட்ட தீங்கு செய்தலாகாது என்றும் 92ஆம் பிரிவு வரம்பிடுகிறது. இருளில், நடுங்கும் கையோடு, கணப்பொழுதில் எடுத்த முடிவை, நீதிமன்றிலே ஆண்டுக்கணக்கில் நிறுத்து அளப்பார்கள். சுடுவது அரைத் தன்னியக்கமாயினும் விடுதலை தன்னியக்கமாய் வராது!

அனுமதியின் தன்மையையும் பாருங்கள். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின்கீழ் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய அனுமதி அது. 2024ஆம் ஆண்டிலே பாதுகாப்பு அமைச்சு ஓர் அறிவித்தல் விடுத்தது. தற்காப்புக்கென வழங்கிய துப்பாக்கிகளை நவம்பர் 7ஆம் நாளுக்குள், மீளாய்வுக்காக, வெலிசறைக் கடற்படைக் களஞ்சியத்தில் ஒப்படைக்க வேண்டும் என்றது. எமது வைத்தியரும் பொறியியலாளரும் வரிசையில் நின்று ஒப்படைத்தனர். அந்த அறிவித்தல் தவறென்று நாம் கூறவில்லை. ஆனால் ஒரு கடிதத்தால் வந்து மறு கடிதத்தால் போகும் பாதுகாப்பு உரிமையாகுமா? அது சலுகை. சலுகை பெற்றவன் கொடுத்தவன் முகம் பார்த்துப் பேசுவான். தமிழ்க் கல்விமான்களின் நாவைக் கட்ட இதனினும் மலிவான கயிறு உண்டோ?

விவசாயியின் கேள்வியை மறந்துவிட்டோம் என்று எண்ண வேண்டாம். அவருடைய மரவள்ளியைப் பன்றி இரவோடிரவாகக் கிண்டிவிட்டுப் போகிறது. வாழைக்குலையைக் குரங்கு பகலிலேயே பறிக்கிறது. பத்து மாத உழைப்பு ஒரு இரவில் அழிகிறது. பயிர்ப் பாதுகாப்புக்கு ஒரு வேட்டைத் துவக்கு வேண்டி அவர் கிராம அலுவலரிடமும் பொலிஸ் நிலையத்திலும் கச்சேரியிலும் ஏறி இறங்குகிறார். 2025ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள் காலை 8 மணி முதல் 5 நிமிடம், பயிரழிக்கும் குரங்கு, மயில் முதலியவற்றை எண்ணுமாறு அரசாங்கம் நாட்டு மக்களைக் கேட்டது. எண்ணினோம். எண்ணிய பின் அந்த மரவள்ளிக் காணிக்கு என்ன வந்தது? வேலி வந்ததா? நட்டஈடு வந்ததா? வழியற்ற உழவன் வேறிடங்களில் கட்டுத்துவக்கையும் வெடிபொருள் பொதிந்த இரையையும் நாடுகிறான். பன்றிக்கு வைத்ததில் மனிதன் கால் போகிறது. யானையின் வாய் சிதைகிறது. விவசாயத் திணைக்களத்தின் தலைமையகம் இதே பேராதனையில் இருக்கிறது. அதன் வாயிலிலிருந்து கம்பளை எவ்வளவு தூரம்?

ஆகவே படித்த தமிழர்களைப் பார்த்துக் கேட்கிறோம். மனிதரைச் சுடும் கருவிக்கு அமைச்சின் கதவைத் தட்ட உங்களுக்கு நேரமும் செல்வாக்கும் உண்டு. அந்த விவசாயிக்காக ஒரு மனு வரைய ஏன் நேரமில்லை? உங்கள் செல்வாக்கை உங்கள் இடுப்போடு நிறுத்திக்கொள்வது எவ்வகை நீதி?

நாம் செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, மலையகத்தின் ஒவ்வொரு பொலிஸ் நிலையத்திலும் தமிழன் தன் முறைப்பாட்டைத் தமிழிலே கூறி, தமிழிலே எழுதப்பட்டதைப் படித்துக் கையொப்பமிடும் நிலை வர வேண்டும். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழை அரசகரும மொழியாக்கிற்று. ஏட்டிலுள்ளதைக் காவல் நிலைய மேசைக்குக் கொண்டுவருவது எமது வேலை. தனக்கு விளங்காத மொழியில் எழுதப்பட்ட முறைப்பாட்டில் கைநாட்டிடுபவனுக்கு எந்தத் துப்பாக்கியும் காவலாகாது. இரண்டாவது, பயிர்க் காவலை ஊர்க் காவலாக்க வேண்டும். கூட்டு வேலியும், முறையான நட்டஈடும், தாமதமற்ற பயிர்ப் பாதுகாப்பு அனுமதியும் கேட்டுக் கச்சேரி வாயிலில் உழவரோடு சட்டத்தரணியும் வைத்தியரும் நிற்க வேண்டும். மூன்றாவது, தற்காப்புத் துப்பாக்கி எவரெவர் வகுப்பினருக்கு, எக்காரணத்துக்கு, எத்தனை வழங்கப்பட்டுள்ளன என்ற கணக்கை 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்க் கேட்டுப் பெற வேண்டும். எவர் கையிலும் அவை பெருகாமற் காப்பதே எமது பிள்ளைகளுக்கு நாம் செய்யும் காவல்.

இவை மெதுவான வழிகள் என்பதை அறிவோம். மனு எழுதி ஒரு மாதம், மறுமொழிக்கு ஆறு மாதம், வழக்காயின் ஆறு ஆண்டு. விரலை மடக்குவதோ ஒரு கணம். எனினும் விரலை மடக்கியவர்கள் முப்பது ஆண்டுகளில் எமக்கு ஈட்டித் தந்ததையும், அவர்களால் நாம் இழந்ததையும் ஒரே தராசில் வைத்துப் பாருங்கள்.

அன்றிரவு விடைபெறும் வேளையில் வைத்திய நண்பர் படங்களைச் சுருட்டி அலமாரிக்குள் வைத்தார். கிழித்தெறியவில்லை, அதையும் உண்மையாகவே கூறுகிறோம். ஆனால் விவசாயியை வாசல்வரை கொண்டுசென்று விட்டு, "உங்கள் மனுவை நாளைக்குக் கொண்டுவாருங்கள், நானும் ஒப்பமிடுகிறேன்" என்றார். ஒரு தமிழனின் கை இடுப்பை விட்டுப் பேனாவுக்கு வந்தது. மற்றக் கைகளும் வருக!